லேட்டாக வரவும் ஒரு தகுதி வேண்டும்

மாணவர்கள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் வர வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இந்த நாட்டில் யாராவது ஒருத்தராவது நேரத்துக்கு வர வேண்டாமா? பஸ் வராது, நிதி வராது, அரசாணை வராது, அமைச்சர் வரவே மாட்டார். மிச்சம் இருப்பது ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு ஒன்றுதான். ஆகவே தேசத்தின் மொத்த நேர ஒழுக்கத்தையும் அந்தப் பிரிவின் தலையில் ஏற்றிவிட்டோம். புத்தகப் பை, சத்துணவுத் தட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் அதையும் சுமந்துகொண்டு பிள்ளை ஒன்பதேகாலுக்குள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். தாண்டாவிட்டால் பி.இ.டி. வாத்தியார் விசிலோடு நிற்பார்.

நேரத்துக்கு வருவதன் மகிமையை நான் மறுப்பவன் அல்ல. மறுக்கவே முடியாத அளவுக்கு அது உண்மை. முதல் பீரியடு பெரும்பாலும் கணக்கு. பின்னங்களைக் கூட்டுமுன் பகுதியைச் சமப்படுத்த வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்த அந்தப் பத்து நிமிடம் கையை விட்டுப் போனால், அந்த வாரம் முழுக்க போர்டில் நடப்பது பிள்ளைக்கு வெறும் வேடிக்கை. சந்தேகம் கேட்கவும் கூச்சம். லேட்டாக வந்தவன் எழுந்து நின்றால் வகுப்பே சிரிக்கும். தொடக்கப் பள்ளி என்றால் கணக்கோடு சாப்பாடும் போகும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போன காலை உணவுத் திட்டம், என் கணக்கில், நேர ஒழுக்கத்துக்காக இந்த மாநிலம் செய்த ஒரே உருப்படியான காரியம். பிரம்பு செய்யாததை ரவா உப்புமா செய்தது. ஆனால் உப்புமாவுக்கும் நேரம் உண்டே. முதல் மணிக்கு முன்பே அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அதற்கப்புறம் வருகிற பிள்ளை வெறும் வயிறும் 'லேட்டு' என்ற பட்டமுமாக உட்காரும்.

தாமதத்தால் பிள்ளைக்குத்தான் நட்டம். அதை ஒத்துக்கொண்டதால்தான் கேட்கிறேன், அந்த நட்டத்தைப் பிள்ளையின் தலையில் எழுதுகிறவர் யார்?

லேட்டாக வந்து கேட்டில் நிற்கிற முகத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? அது சோம்பேறியின் முகம் என்று நம் பெரியவர்கள் முடிவு கட்டி வெகுகாலம் ஆயிற்று. விடியுமுன் எழுந்து நாலு தெருவுக்குப் பால் பாக்கெட் போட்டுவிட்டு வருகிறவன் அவன். அம்மா கார்மெண்ட்ஸ் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடிவிட, தம்பிக்குத் தலை வாரி, தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து, அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறவள் அவள். வால்பாறை எஸ்டேட் பக்கம் என்றால் வழியில் யானை நிற்கும். யானை போகும்வரை பிள்ளையும் நிற்க வேண்டும். யானையிடம் லேட் ஸ்லிப் காட்ட முடியாது. ராத்திரி ஒரு மணி வரை போனில் ரீல்ஸ் தள்ளிவிட்டு வருகிற மகாராஜனும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அவன்மேல் எனக்கும் இரக்கம் கிடையாது. ஆனால் கேட்டில் அவனும் பால் பாக்கெட் போட்டவனும் ஒரே வரிசையில்தான் முட்டி போடுகிறார்கள்.

2025 மார்ச்சில் வாணியம்பாடி பக்கம் கொத்தக்கோட்டையில் நடந்ததை நீங்கள் எல்லாரும் போனில் பார்த்தீர்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதப் போகிற பெண் ஸ்டாப்பில் நிற்கிறாள். அரசுப் பேருந்து வருகிறது, நிற்காமல் போகிறது. அவள் பின்னாலேயே ஓடுகிறாள். பார்க்கிற நமக்கே மூச்சு வாங்குகிற தூரம் ஓடிய பிறகு வண்டி நிற்கிறது, ஏறிக்கொள்கிறாள். யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ எடுத்துப் போட்டதால் ஓட்டுநர் சஸ்பெண்ட் ஆனார். வீடியோ எடுக்க ஆள் இல்லாத ஸ்டாப்புகளில் இதே ஓட்டப் பந்தயம் நாள் தவறாமல் நடக்கிறது. அங்கே பஸ் லேட் என்று எந்த நோட்டிலும் பதிவாவதில்லை. பிள்ளை லேட் என்று மட்டும் பதிவாகும்.

ஏன் நிறுத்துவதில்லை என்பது ஊருக்கே தெரியும். பிள்ளைகள் கையில் இருப்பது இலவச பாஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. பாஸ் ஏறினால் கலெக்‌ஷன் ஏறாது. மேடையில் வள்ளல்தனமாக அறிவித்ததை ஸ்டாப்பில் குற்றமாக்குகிற வித்தை நமக்குத்தான் கைவந்தது. ஓட்டுநரையும் முழுக்கத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. டெப்போவில் அவரிடம் கேட்பது வசூல் எவ்வளவு என்றுதான். எத்தனை பிள்ளைகளை முதல் மணிக்கு முன் இறக்கிவிட்டாய் என்று இதுவரை எந்த அதிகாரியும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆள் இல்லை என்று எட்டரை மணி ட்ரிப் கட் ஆகும். அடுத்த வண்டி ஒன்பது இருபதுக்கு. அதில் வந்தால் லேட். இருக்கிற ஒரே வண்டியின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தால் ரௌடி. 2023 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு நடிகை பஸ்ஸை மறித்து, படியில் தொங்கிய மாணவர்களை அடித்து இறக்கினார். போலீஸ் அவரைக் கைது செய்தது. வலைத்தளங்களில் பல பேர் கை தட்டினார்கள். அந்த வழித்தடத்தில் இன்னொரு வண்டி விட்டால் என்ன என்று கேட்டவர்களின் குரல் அந்தக் கைதட்டலில் காணாமல் போயிற்று.

சரி, பிள்ளை எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. ஒன்பது இருபத்தைந்து. கேட் சாத்தியிருக்கிறது. இனிமேல் நடப்பதைக் கணக்காகவே பார்க்கலாம், முதல் பீரியடுதான் போய்விட்டதே. பத்து நிமிடப் பாடத்தை இழந்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. தண்டனை, முப்பது நிமிடம் வெளியே நிற்பது. பாடம் போனதற்காக இன்னும் மூன்று பங்கு பாடத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம். மைதானத்தில் குப்பை பொறுக்கு, நாலு ரவுண்டு ஓடு, தோப்புக்கரணம் போடு. 2009-ல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சட்டம் வந்துவிட்டது, பள்ளிக்கூடக் கேட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அதுவும் அந்த ஒன்பது இருபது வண்டியில்தான் வருகிறது போலும்.

கேட்டுக்கு உள்ளே ஆசிரியர் என்ன பாடு படுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். வருகைப் பதிவைச் செயலியில் ஏற்ற வேண்டும். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிக்னலுக்காக ஜன்னல் ஓரம் போய், வராந்தாவுக்குப் போய், கொடிமரத்தடிக்குப் போய்ப் போனை உயர்த்திப் பிடிக்கிறார். நாற்பது பிள்ளைகள் நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, டீச்சர் சிக்னல் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வந்துவிட்டார்கள் என்பதை மேலே உள்ள கம்ப்யூட்டருக்கு நிரூபித்து முடிப்பதற்குள் கணக்குப் பீரியடில் பாதி கரைந்துவிடுகிறது.

2018 ஜனவரியில் சென்னை பெரம்பூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், தாமதமாக வந்த குற்றத்துக்காகப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை மற்ற பிள்ளைகளோடு சேர்த்து வாத்து நடை நடக்க வைத்தார்கள். முழங்காலை மடக்கிக் குந்தியபடியே நடக்க வேண்டும். பையன் சுருண்டு விழுந்தான், இறந்தான். அவனுக்கு 15 வயது. வழக்கு, கைது, நாலு நாள் செய்தி எல்லாம் ஆயிற்று. அதே ஜனவரி கடைசியில் பிரிட்டனில் இன்னொரு ஆள் லேட்டாக வந்தார். பேட்ஸ் பிரபு என்கிற அமைச்சர். பிரபுக்கள் சபையில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஓரிரு நிமிடம் பிந்திவிட்டது. எழுந்து நின்று வெட்கப்படுவதாகச் சொல்லி, பதவியை ராஜினாமா செய்கிறேன் என்று அறிவித்துவிட்டுச் சபையை விட்டு நடந்தார். ராஜினாமாவை ஏற்கவில்லை, மறுபடி வேலைக்கு வந்தார். நம் ஊர்ச் சேனல்களில் அதை வெள்ளைக்காரனின் விநோதப் பழக்கமாகக் காட்டிச் சிரித்தோம். ஒரே மாதம், இரண்டு தாமதம். அமைச்சருக்கு வெட்கத்தோடு போயிற்று. நம் பையனுக்கு உயிரோடு போயிற்று.

நம் அமைச்சர்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? இங்கே தாமதம் என்பது பதவிக்குத் தகுந்த அணிகலன். வார்டு கவுன்சிலர் அரை மணி, எம்.எல்.ஏ. இரண்டு மணி, அதற்கு மேலே உள்ளவர்கள் மூன்று நாலு மணி என்று எழுதப்படாத ஊதிய விகிதம் மாதிரி ஒன்று இருக்கிறது. நேரத்துக்கு வருகிற தலைவரைக் கூட்டமே சந்தேகமாகப் பார்க்கும். கட்சியில் செல்வாக்குக் குறைந்துவிட்டதோ என்று பேசும்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது, தெரியும்தானே? நல்ல திட்டம். பஸ்ஸை நம்பாமல் பிள்ளை நேரத்துக்குப் பள்ளிக்கு வந்துவிடலாம். லாரியில் உதிரி பாகங்களாக வந்து இறங்கும். வடநாட்டுப் பையன்கள் வந்து இரண்டு நாளில் ஸ்பானரும் கையுமாக எல்லாவற்றையும் மாட்டிக் கோர்த்து மைதானத்து ஓரம் வரிசையாக நிறுத்திவிட்டுப் போவார்கள். அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. எம்.எல்.ஏ. தேதி கொடுக்க வேண்டும். சட்டமன்றம் நடக்கிறது, கட்சி மாநாடு இருக்கிறது, வளர்பிறையில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வேப்பமரத்தடியில் சைக்கிள்கள் நிற்கின்றன. ஹேண்டில்பாரில் சுற்றிய பாலித்தீன் வெயிலில் வெளுத்துக் கிழிகிறது. ஆரக்கம்பிகளுக்கு நடுவே அருகம்புல் முளைக்கிறது. ஒரு மழைக்குச் செயினில் செம்பட்டை ஏறுகிறது. யாருக்காக அந்தச் சைக்கிள் வந்ததோ அந்தப் பிள்ளைகள் தினம் காலையில் அவற்றைக் கடந்து நடந்து வந்து, லேட்டாக வந்ததற்காக அவற்றின் பக்கத்திலேயே முட்டி போடுகிறார்கள்.

ஒருவழியாகத் தேதி கிடைத்தது. விழா காலை பத்து மணிக்கு. எச்.எம். நடுங்கிப்போய்ப் பிள்ளைகளை எட்டரைக்கே வரச் சொன்னார். வந்தார்கள், ஒருவர் பாக்கி இல்லாமல். ஷாமியானா மேடைக்கும் முன்வரிசைக்கும் மட்டும். பிள்ளைகளுக்குச் சூரியன். வரவேற்பு நடனத்துக்கு வேஷம் கட்டிய எட்டாம் வகுப்புப் பெண்களின் ரோஸ் பவுடர் பதினொரு மணிக்கே கழுத்தில் இறங்கிவிட்டது. 'அண்ணன் கிளம்பிட்டார்' என்று பதினொன்றரைக்கு மைக்கில் சொன்னார்கள். பன்னிரண்டே காலுக்கும் அதையே சொன்னார்கள். அண்ணன் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருந்தார். ஒன்றே காலுக்கு நாலைந்து கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. சால்வை, சால்வை, இன்னும் ஒரு சால்வை. அப்புறம் அண்ணன் மைக்கைப் பிடித்தார். என்ன பேசினார் என்று நினைக்கிறீர்கள்? காலம் பொன் போன்றது, போன நேரம் திரும்பி வராது, மாணவச் செல்வங்கள் நேரம் தவறாமையைக் கடைப்பிடிக்க வேண்டும். பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டச் சொல்லிக் கொடுத்திருந்தது. போட்டோவுக்கு ஒரு சைக்கிளின் பெல்லை அண்ணன் அடித்துப் பார்த்தார். அது மட்டும் வேலை செய்தது. டயர்களில் காற்று இல்லாததால் பிள்ளைகள் அன்றைக்கு வீடுவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை பஞ்சர் கடையில் கூட்டம். அன்றைக்குப் பிளஸ் ஒன்னில் பாதிப் பேர் லேட்.

எந்த ஊர், எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். ஊரை மாற்றுங்கள், கரைவேட்டியின் கரையை மாற்றுங்கள். அண்ணன் அப்போதும் ஒன்றே காலுக்குத்தான் வருவார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இது நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நண்பகல் வாக்கில் வருவதாகச் சொன்ன தலைவர் வந்தபோது மாலை ஏழு மணி தாண்டியிருந்தது. காலையிலிருந்து காத்து நின்ற கூட்டத்தில் நெரிசல். 41 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. எது காரணம், யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். தாமதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பத்து நிமிடம் பிந்தி வருகிற பிள்ளையைப் பார்த்து 'உன்னால் மற்றவர்களுக்கு எவ்வளவு இடைஞ்சல்' என்று கத்துகிற இந்தச் சமூகம், மணிக்கணக்கில் பிந்தி வருகிறவரைப் பார்த்துப் பூத்தூவுகிறது.

பள்ளிகளில் லேட்டாக வருகிறவர்களுக்கென்று ஒரு நீள நோட்டு உண்டு. பெயர், வகுப்பு, வர வேண்டிய நேரம், வந்த நேரம், காரணம், பெற்றோர் கையொப்பம். அப்படி ஒரு நோட்டைக் கோட்டையிலும் டெல்லியிலும் வாசலில் தொங்கவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முதல் பக்கத்தில் யார் பெயர் வரும்? மதுரை எய்ம்ஸ். 2015 பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரி 27 அன்று தோப்பூரில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-ல் முதல் அணி மருத்துவ மாணவர்கள் டாண் என்று வந்து சேர்ந்துவிட்டார்கள். கல்லூரிதான் வரவில்லை. ராமநாதபுரத்தில் இன்னொரு கல்லூரிக் கட்டடத்தில் உட்கார வைத்தார்கள். மாணவர் வந்து கல்லூரி வராத அதிசயத்துக்கு எந்தப் பி.இ.டி. வாத்தியார் விசில் ஊதுவார்?

அடுத்த வரி உள்ளாட்சித் தேர்தல். 2016-ல் வர வேண்டியது. நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில் வந்தது. ஆறாம் வகுப்பில் சேர வேண்டிய பையன் நேராகப் பிளஸ் டூவில் வந்து உட்கார்ந்து 'உள்ளேன் ஐயா' என்றால் எப்படி இருக்கும்? அப்படி வந்தது; மாலை போட்டு வரவேற்றோம். அதற்கடுத்த வரி மடிக்கணினி. 2017-18-ல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அது வரும் வரும் என்று பார்த்து, கல்லூரிக்கே போய்விட்டு, 2019-ல் பழைய பள்ளி வாசலுக்குத் திரும்பி வந்து மறியல் செய்தார்கள். பள்ளியை விட்டுப் போன பிறகும் பள்ளிக்கு வர வைத்த பெருமை அந்தத் திட்டத்துக்கு உண்டு.

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடங்கள் என்று ஒன்று இருக்கிறது, அதே கல்வி உரிமைச் சட்டப்படி. 2025-26-ல் பள்ளி திறந்தது ஜூனில். அந்தச் சேர்க்கை தொடங்கியது அக்டோபரில், காலாண்டுப் பரீட்சையும் முடிந்த பிறகு. காரணம் என்ற கட்டத்தில் மாநிலம் எழுதியது, 'டெல்லி பணம் தரவில்லை.' டெல்லி எழுதியது, 'புதிய கல்விக் கொள்கைக்கும் பி.எம். ஸ்ரீ பள்ளிக்கும் கையெழுத்துப் போடவில்லை.' சுமார் 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 'அவன்தான் சார் முதல்ல அடிச்சான்' என்று இரண்டு பெரிய மனிதர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, எல்.கே.ஜி. வயதுக் குழந்தை கேட்டுக்கு வெளியே நாலு மாதம் நின்றது. நாலு மாதம்! அதன் அப்பாவிடம் 'ஏன் லேட்டு' என்று பள்ளிக்கூடம் கேட்டால் அவர் எந்த சர்க்காரை அழைத்துக்கொண்டு வந்து நிறுத்துவார்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இந்த நோட்டில் உண்டு. 2021-ல் வந்திருக்க வேண்டும். கொரோனா என்றார்கள், நியாயம். கொரோனா போயிற்று, கணக்கு வரவில்லை. 2027 என்று இப்போது நாள் குறித்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்புக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தொட்டுவிட்டார்கள். காலை ஒன்பதேகாலுக்குத் தினம் தவறாமல் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுகிறோம், ஒரு நிமிடம் பிந்தினால் நிற்க வைக்கிறோம். பிறந்ததிலிருந்து நாடு அவர்களை ஒரு தடவைகூட எண்ணவில்லை.

லேட்டாக வருகிற பிள்ளைக்கு என் காலத்திலிருந்தே ஓர் இம்போசிஷன் வழக்கத்தில் இருக்கிறது. திருக்குறளில் 'காலமறிதல்' அதிகாரத்தை ஐம்பது தரம் எழுதிக்கொண்டு வா என்பார்கள். 49-ஆம் அதிகாரம். பிள்ளைகள் கை வலிக்க எழுதியிருக்கிறார்கள். எந்த இடத்தில் அந்த அதிகாரம் இருக்கிறது என்று எழுத வைத்தவர்கள் பார்க்கவில்லை. பொருட்பாலில், அரசியல் என்ற இயலில் இருக்கிறது. நாட்டை ஆளுகிறவனுக்கு என்னென்ன வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே வருகிற இடத்தில் இதைச் சொல்லியிருக்கிறார் மனுஷன். இரண்டாயிரம் ஆண்டாகத் தப்பான விலாசத்துக்கு டெலிவரி ஆகிக்கொண்டிருக்கிறது. கோட்டைக்கும் டெல்லிக்கும் சேர வேண்டிய தபாலை ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு கையெழுத்துப் போட்டு வாங்கி, மை தீரத் தீர எழுதிக்கொண்டிருக்கிறது.

திருப்பி அனுப்பிவிடலாம் என்கிறேன். பத்துக் குறள்தான், குறளுக்கு ஏழு சீர். ஐம்பது தரமெல்லாம் வேண்டாம், பெரியவர்களுக்குக் கை நடுங்கும், ஒரு தரம் எழுதினால் போதும். விழா மேடையில் அடுத்த அண்ணன் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எழுதி முடித்துவிடலாம்.